தண்ணீர் விடாத ஊரில் தண்ணீர் கேட்டவர்

குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நாற்று போதுமான அளவு வாடவில்லை என்பதால், அதை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பரப்பி, உச்சி வெயிலில் வாட்டி எடுத்தவன் நான். அதே மாடியில், அதே பாயின் மறுபாதியில், என் மனைவி மிளகாய் காயப்போட்டிருந்தாள். மிளகாயை ஆடு வந்து மேயாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எனக்கே தரப்பட்டிருந்தது. இரண்டு பொறுப்புகளில் ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். நாற்று நன்றாக வாடியது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் ‘அணையில் தண்ணீர் கம்மி, நெல் வைக்காதீர்கள், உளுந்தோ மக்காச்சோளமோ போடுங்கள்’ என்று எங்களுக்கு அறிவிப்பு வரும். வந்ததும் நாங்கள் ஓடிப்போய் நாற்று விடுவோம். கிணற்றில் கிடக்கிற கொஞ்சத்தை வைத்து விதையை முளைக்கவைத்துவிட்டால் போதும். அப்புறம் அது விதை இல்லை, ‘நிற்கும் பயிர்’. நிற்கும் பயிரைச் சாகவிட எந்த அதிகாரிக்கும் மனசு வராது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இடம் கேட்பதைப் போன்ற வித்தை இது. குழந்தையைக் கிள்ளி அழவிடுவதுதான் என் பங்காக இருந்தது. ஊரில் நாலு புத்தகம் படித்தவன், பத்திரிகையில் தமாஷாக எழுதுகிறவன் என்ற பெயர் எனக்கு உண்டு. இந்த மாதிரி வேலைகள் படித்தவன் தலையில்தான் விழும்.

கூட்டத்தில் பெரிய அதிகாரிகளுக்குப் பக்கத்தில், மேஜையின் ஓரத்தில், அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். எங்கள் அணைக்கு உதவிப் பொறியாளர். ஊரில் எல்லாரும் ‘ஏ.ஈ. அம்மா’ என்போம். என் கையிலிருந்த நாற்று முடியை வாங்கி, நாற்றின் தாள்களை விலக்கிப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து எதையோ நகத்தால் எடுத்து, நான் நீட்டிய உள்ளங்கையில் வைத்தார்.

“இது உங்களோடது சார்” என்றார்.

மிளகாய் விதை.

பெரிய அதிகாரியிடம் அதைச் சொல்லவில்லை. அந்த வாரமே மேலிருந்து உத்தரவு வந்தது. நிற்கும் பயிரைக் காப்பாற்ற எங்கள் வாய்க்காலில் ஒரு நனைப்புக்குத் தண்ணீர் விடப்படும் என்று. ஊர் பட்டாசு வெடித்தது. நான் கையைக் கழுவிக்கொண்டேயிருந்தேன். மிளகாயின் எரிச்சல் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், சேறு காயாத ஸ்கூட்டர். எந்த ஊர் என்று கேட்டால் “தெக்க” என்பார். தெற்கு மிகப் பெரியது என்பதால் அந்தப் பதிலால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

அவருடைய அறைக்கு வெளியே ஒரு மரபெஞ்சு. கல்வராயன் மலையில் பெய்கிற மழையெல்லாம் அணைக்கு வருகிறதோ இல்லையோ, அதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அந்த பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். ஆற்றோடு கீழே போனால் பழைய ஆயக்கட்டு. அணை கட்டுவதற்கு முன்பிருந்தே ஆற்றுத் தண்ணீரில் பயிர் வைக்கிறவர்கள், முதல் உரிமை அவர்களுக்கு. அணைக்குப் பக்கத்தில் வாய்க்கால் வெட்டிப் பாசனம் பெற்ற நாங்கள் புதிய ஆயக்கட்டு. எங்களுக்கு உரிமை கம்மி, ஆனால் அணை கிட்டத்தில் இருக்கிறது, குரலும் ஜாஸ்தி. குடிக்கத் தண்ணீர் கேட்டு டவுன்காரர்கள் வருவார்கள். அணையில் மீன் குத்தகை எடுத்தவர் தண்ணீரே திறக்க வேண்டாம் என்று வருவார். மீனுக்கும் மனசாட்சி இருப்பதாக ஒருநாள் வாதாடினார்.

மலைமேலிருந்து ஒருவர் அடிக்கடி வருவார். அவர்கள் ஊர் ஓடையில் ஒரு சின்னத் தடுப்பணை வேண்டும், கோடையில் மாடு குடிக்க, மரவள்ளிக்குக் கொஞ்சம் காட்ட. எங்கள் பாசன சங்கத் தலைவர் அதைக் கேட்டு, “அங்கயே தேக்கிக்கினா இங்க டேம் எதுக்கு, கிரிக்கெட் ஆடவா?” என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். தடுப்பணை வேண்டும் என்று அந்த அம்மா மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பியது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நாங்கள் கோபப்பட்டோம்.

டீக்கடை டி.வி.யில் ஆற்றுத் தகராறு வரும்போதெல்லாம் எங்கள் ஊர் கொதிக்கும். மேலே இருக்கிற மாநிலம் தன் அணையை நிரப்பிக்கொண்டு மிச்சத்தைத்தான் நமக்கு விடுகிறது, இது நியாயமா என்று கேட்போம். நானே நீர்ப் பங்கீட்டின் தர்மம் குறித்து ஒரு டம்ளர் டீ ஆறுகிற வரைக்கும் பேசியிருக்கிறேன். எங்களுக்குக் கீழே இருக்கிற ஊர்களுக்கு அந்த மாநிலம் நாங்கள்தான் என்பது டீக்கடையில் யாருக்கும் தோன்றவில்லை. டி.வி.யில் அதைச் சொல்லவில்லை.

தன் வேலை என்ன என்பதை அந்த அம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார். “தண்ணிய நான் உண்டு பண்ண முடியாது சார். யாருக்கு இல்லன்னு சொல்றதுதான் என் வேலை. அதுக்குத்தான் சம்பளம்.”

இல்லை என்று சொல்கிறவர்கள் பொதுவாக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சொல்வார்கள். இவர் அந்த ஊருக்கே வந்து நிற்பார். இது புரிவதற்கு எனக்கு மூன்று போகம் ஆயிற்று.

முதலில் புரிந்ததெல்லாம் வேறு. அவர் வந்த புதிதில் அணை நிரம்பியிருந்தது. எங்களுக்கும் தண்ணீர் திறந்தார்கள். வாய்க்காலைப் பார்க்க வந்தவரைத் தலைவர் வீட்டில் உட்காரவைத்து, நாட்டுச் சர்க்கரை போட்ட காப்பி கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். மோர்? வேண்டாம். ஒரு வாய் தண்ணீராவது? அதுவும் வேண்டாம். பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

தண்ணீரை மறுப்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்காதவர் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊர் உடனே அந்த அர்த்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியது.

“நம்ம வூட்ல குடிக்க மாட்டாங்களாமா? அவ்வளோ ஒசந்தவங்களா?” என்று தலைவரின் அண்ணன் கேட்டார்.

இன்னொருவர், மதகைத் திறந்து மூடுகிற லஸ்கரிடம் விசாரித்து, “ஒசத்தியெல்லாம் ஒண்ணும் இல்லியாம்” என்று இன்னொரு திசையில் ஆராய்ச்சியை நடத்தினார். தெற்கு பெரியது என்பதால் இரண்டு கட்சிக்கும் இடம் இருந்தது. தங்கள் வீட்டு வாசலில் காலனிக்காரர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த காலம் மறக்காதவர்கள்தான் ரொம்பவும் புண்பட்டார்கள். நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் ரசித்துக் கேட்டு, அவருக்கு ‘பாட்டிலம்மா’ என்று பெயர் வைத்தேன். அது நன்றாக ஓடியது.

அடுத்த வருஷம் தண்ணீர் கம்மி. பழைய ஆயக்கட்டுக்கு மட்டும் என்று முடிவானது. ஆற்று மதகைத் திறந்து, தலைவர்கள் பூத் தூவி, போட்டோ எடுத்துக்கொண்டிருந்த அதே காலையில், பாட்டிலம்மா எங்கள் தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தினார். என் வீட்டு வாசலில் வந்து நின்று, “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்று என் மனைவியிடம் கேட்டார்.

மனைவி செம்பு நிறையக் கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். அன்றைக்கு அவரை ஊர் திட்டிய திட்டில் பாதிதான் அச்சில் ஏறும். கேட்டுக்கொண்டே நின்றார். வெயில் ஏறியதும் இன்னொரு வீட்டில் போய் இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். திட்டிக்கொண்டிருந்த வாய் திட்டிக்கொண்டேயிருக்க, கை தண்ணீரை நீட்டியது. கேட்டவருக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்ல எங்களுக்கு வராது. அந்த நாகரிகம் செம்பு அளவுக்கு எங்களிடம் இருக்கிறது. வாய்க்கால் அளவுக்குத்தான் இல்லை.

“பயந்துட்டாங்க, அதான் தண்ணி குடிக்கறாங்க” என்று தலைவர் விளக்கினார். நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

இனி நாற்று வாட்டிய வருஷத்துக்கு வருகிறேன்.

எங்கள் வாய்க்காலைத் திறந்த அன்று மேடை, மைக், மாலை எல்லாம் இருந்தன. ஏ.ஈ. அம்மா மட்டும் இல்லை. நன்றியுரை நான்தான். பேசிவிட்டு இறங்கியபோது லஸ்கர் வந்து, மேடம் பழைய ஆயக்கட்டின் கடைக்கோடி ஏரிக்குக் கிளம்புகிறார், முடிந்தால் என்னையும் வரச்சொன்னார் என்றார். எனக்கு மிளகாய் விதை ஞாபகம் வந்தது. வராமலிருக்கத் தைரியமில்லை.

“எதுக்குய்யா அங்க போறாங்க?” என்று லஸ்கரைக் கேட்டேன்.

“தண்ணி வுட்ட ஊர்ல அவங்களுக்குத் தண்ணி எறங்காது சார். வுடாத ஊர்ல போயி கேட்டு வாங்கிக் குடிப்பாங்க. நல்லாத் திட்டு வாங்கிக்கினு வந்துட்டா அன்னிக்குத் தூக்கம் புடிக்கும் போல.”

அவர் ஸ்கூட்டரில் முன்னே போனார். நான் என் மொபெட்டில் பின்னே போனேன். ஆற்றங்கரையோடு போகப் போக மலை பின்னால் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஆற்றில் மணலும் வேலிகாத்தானும்தான் இருந்தன. வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது நானாகவே மிளகாய் விஷயத்தை ஆரம்பித்தேன். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருப்பேன். உங்க நாத்து பொய். ஆனா உங்க ஊர்லயே கிணறு இல்லாதவங்க நாத்து நெசமாவே வாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. உங்களை மாட்டிவிட்டா அவங்களுதும் பொய்யாப் போயிரும்.” ஆற்று மணலைப் பார்த்துச் சொன்னார்: “அன்னைக்கி அது சரின்னு பட்டுச்சு. இங்கேயிருந்து பாத்தா அப்படித் தெரியல.”

அப்புறம்தான் கடைக்கோடியில் என்ன காத்திருக்கிறது என்பதைச் சொன்னார். பழைய ஆயக்கட்டுப் பயிர் கதிர் வாங்கிவிட்டது. பால் பிடிக்கிற நேரம். இந்த நேரத்தில் ஒரு நனைப்பு கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் பதர். அந்தக் கடைசி நனைப்புக்கு என்று அணையில் வைத்திருந்த தண்ணீர்தான் இப்போது எங்கள் வாய்க்காலில் பூக்களோடு போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருப்பதை ஆற்றில் விட்டால் முதல் இரண்டு ஏரிக்குப் போகும். கடைசி ஏரியை எட்டாது.

“என் வேலையில யாருக்கும் வாக்குக் குடுக்கக் கூடாது சார். அங்க ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டேன். வரும்னு சொல்லிட்டேன்.”

அந்த ஒருத்தர் அஞ்சலை. அவரும் அவர் புருஷனும் வேறொருவர் நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விளைந்தால் குத்தகை போக மிஞ்சுவது வீட்டுக்கு. விளையாவிட்டால் நிலம் கையைவிட்டுப் போகும். ஏரிக்கரைக்குக் கீழே வீடு. ஏரியின் நடுவில் மாடுகள் படுத்திருந்தன. கரைக்கு இந்தப் பக்கம் பயிர் பச்சையாகத்தான் நின்றது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. நெருங்கிப் பார்த்தால்தான் அடிமண் பிளந்திருந்தது தெரிந்தது. மாடியில் பாய் விரிக்காமலே இங்கே நன்றாக வாடிக்கொண்டிருந்தது.

அஞ்சலை எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முறத்தில் என்னவோ புடைத்துக்கொண்டிருந்தவர், கையை மட்டும் நிறுத்தினார்.

“தண்ணி வராதும்மா” என்றார் ஏ.ஈ. அம்மா. வணக்கம்கூடச் சொல்லவில்லை. “மேல தெறந்துட்டாங்க. நான் சொன்னது தப்பாப் போச்சு.” பிறகு, “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார்.

நான் திட்டை எதிர்பார்த்தேன். எங்கள் ஊரில் கேட்ட மாதிரி. அஞ்சலை உள்ளே போய் செம்பை எடுத்து வந்து நீட்டினார்.

“இது போர்த் தண்ணிங்க. உங்க டேமுது இல்ல. தாராளமா குடிங்க.”

அந்த அம்மா முழுவதும் குடித்தார். செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்ட அஞ்சலை என் பக்கம் திரும்பி, “இவுரு யாரு?” என்றார்.

“புது ஆயக்கட்டு. இவங்க பயிருக்குத்தான் விட்டிருக்கோம்.” ஒளிவுமறைவு இல்லாத அறிமுகம். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னை அவ்வளவு சரியாக அறிமுகம் செய்ததில்லை.

அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, விருந்தாளியைக் கேட்பது போலவே கேட்டார்.

“உங்களுக்கும் தண்ணி வேணுமாங்க?”

வேணாம் என்றேன். நாக்கு உலர்ந்துபோயிருந்தது.

திரும்பக் கிளம்பும்போது லஸ்கர் சொன்னதை அந்த அம்மாவிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், கொஞ்சம் அதற்காகவே சொன்னேன்.

“தூங்கத்தான் செய்யறேன் சார். ஆபீஸ்ல உக்காந்து இல்லன்னு சொல்லிட்டா அந்தத் தூக்கம் வராது. ஆனா அவங்களுக்கு அதனால ஒரு சொட்டு கூடுதலா வந்ததா? நான் போறேன், தண்ணி போகல. சில சமயம், தூக்கத்துக்காகத்தான் போறேனோன்னு தோணும்.” வண்டியைக் கிளப்பினார். “இன்னைக்கி அவங்க திட்டவே இல்ல, பாத்தீங்களா” என்றார்.

அப்புறமும் அவர் சும்மா இருக்கவில்லை. மிச்சத் தண்ணீரை இரவு பகலாக மதகு மதகாக அடைத்துக் கீழே தள்ளிப் பார்த்தார். ஆற்றோரத்து மோட்டார்களை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். தண்ணீர் கடைசி ஏரிக்கு முந்தின ஏரிவரை போய், மணலில் இறங்கிவிட்டது. அஞ்சலையின் பயிர் தலை நிமிர்ந்தபடியே பழுத்தது. நெல்மணி ஏறிய கதிர்தான் தலை குனியும். அது முழுக்க சாவி, வெறும் பதர்.

வாய்க்கால் ஓடியதில் கிணறுகளும் ஊறி, எங்களுக்கு நன்றாக விளைந்தது. அந்த வருஷத்து அரிசி பொலபொலவென்று வெந்தது, மணமும் இருந்தது. நானும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சி பசியைக் குறைக்கும் என்று படித்திருக்கிறேன். எழுதியவர்களுக்குச் சொந்த நிலம் இருந்திருக்காது.

அடுத்த கோடையில் அந்த அம்மாவுக்கு மாற்றலாகிவிட்டது. தண்டனை என்றார்கள் சிலர், வழக்கமானதுதான் என்றார்கள் சிலர். கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் ஊருக்குச் சொல்லிக்கொள்ள வந்தார். என் மனைவி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். “இப்ப நான் யாருக்கும் எதையும் இல்லன்னு சொல்லல. காப்பியே குடுங்க” என்றார். சர்க்கரை போதாது என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எதையெதையோ பேசினார், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘பாட்டிலம்மா’ என்று பெயர் வைத்தது நான்தான் என்பதைச் சொல்லிவிடலாமென்று இருந்தேன். அவரே, “பாட்டிலம்மா கிளம்பறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு இன்னொரு வறண்ட வருஷம் வந்தது. மறுபடியும் அறிவிப்பு. ஊர் மறுபடியும் நாற்று விட்டது. நான் விடவில்லை. என் நிலத்தில் உளுந்து போட்டேன். நாற்றை வாட்டித் தரவும் மறுத்துவிட்டேன். “சாருக்கு இன்னாமோ ஆய்ட்சி” என்றார் தலைவர். வேறு ஆள் வைத்து வாட்டினார்கள். ஊருக்கு ஒரு நனைப்பு கிடைத்தது. என் வயலின் மடையை மட்டும் நானே மண் போட்டு அடைத்தேன். மண்வெட்டியோடு நின்றபோது, யாராவது போட்டோ எடுத்தால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

அந்த அம்மாவிடம் சொல்ல அவர் நம்பர் என்னிடம் இல்லை. ஆனால் சொல்லவேண்டிய இன்னொருவர் இருந்தார். நிலத்தை விட்டுவிட்டு, உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அஞ்சலை வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சென்னை போகிற வழியில் இறங்கினேன். பின்கட்டில் வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. நான் நெல் வைக்காததை, உளுந்து போட்டதை, மடையை அடைத்ததை, ஒன்று விடாமல், அடக்கமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். கிரைண்டர் சத்தத்தில் பாதி கேட்கவில்லை என்று இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அவர் கிரைண்டரை நிறுத்தி, மாவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நல்லதுங்க. ஆனா நீங்க வுட்டுக்குடுத்த தண்ணி எங்கூருக்கா வந்திருக்கும்? உங்க பக்கத்து வயக்காரரு ஜாஸ்தியா பாய்ச்சிக்கினு இருப்பாரு.”